வேலியிலிருந்து வேலிக்கு

அது இரண்டாயிரத்துப் பதினான்கா, பதினைந்தா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. சண்டை முடிந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது என்பது மட்டும் நிச்சயம். யார் எதைச் சொன்னார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. பலர் வாயால் கேட்ட கதை. கேட்டதைத் தனியே இருந்து திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்ததில், எது கேட்டது, எது நானாகச் சேர்த்தது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. ஜுனைதா சிரித்தபடி சொன்னதாக நான் வைத்திருக்கும் ஒரு பேச்சை, உம்மா அன்றைக்குச் சிரிக்கவேயில்லை என்கிறாள் அவளுடைய மகள். இருக்கலாம். ஆனால் இருபத்துநான்கு அடி என்பதில் சந்தேகமில்லை. அது கடதாசியில் இருக்கிறது.

மாம்புரியைத் தாண்டிக் கற்பிட்டிப் பக்கம் போகும் பெரிய றோட்டிலிருந்து களப்பை நோக்கி இறங்குகிறது ஒரு மணல் ஒழுங்கை. அதன் இரண்டு பக்கமும் மன்னாரிலிருந்து வந்தவர்களின் வீடுகள். வந்து கால் நூற்றாண்டு ஆகியும் ஊர்க்காரர் அதைக் 'காம்ப்' என்றுதான் சொன்னார்கள். ஒழுங்கையின் கடைசி வளவு ஜுனைதாவுடையது. அதற்கப்பால் ஒரு பெரிய தென்னந்தோட்டம், தோட்டத்துக்கப்பால் களப்பின் உப்புத் தண்ணீர். தோட்டத்தின் சொந்தக்காரர் கொழும்பில் இருப்பதாகச் சொல்வார்கள். யாரும் அவரைக் கண்டதில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது கைக்கு அகப்பட்டதோடு வள்ளமேறி வந்தவர்களில் ஜுனைதாவும் ஒருத்தி. ஆறு வருஷம் ஓலைக் கொட்டிலில் இருந்துவிட்டு, கழுத்துச் சங்கிலியைக் கொடுத்து அந்த இருபது பேர்ச் நிலத்தை வாங்கினாள். விற்றவன் கொப்பித் தாளில் நாலு வரி எழுதி முத்திரை ஒட்டி ஒப்பம் வைத்தான். உறுதிப் பத்திரம் எழுதித் தருவதற்கு அவனிடமே உறுதி இருக்கவில்லை. பிறகு அவன் மவுத்தாகிப்போனான்.

சண்டை முடிந்ததும் எல்லாரையும் மன்னாரில் போய்ப் பதியச் சொன்னார்கள். ஜுனைதாவின் கணவர் ஹயாத்து முகம்மது போய்ப் பதிந்துவிட்டு வந்தார். அதோடு வந்தது வினை. வீட்டுத் திட்டத்துக்கு இங்கே கேட்டால், "உங்கட பேர் மன்னார்லதானே இரிக்கி" என்றார்கள். மன்னாரில் கேட்டால், "நீங்க புத்தளத்திலதானே சீவிக்கிறீங்க" என்றார்கள். இரண்டு பக்கமும் உண்மையைத்தான் சொன்னார்கள். காணி அனுமதிப்பத்திரம் கேட்டு ஜுனைதா ஏறி இறங்கிய அரசாங்கக் கந்தோர்களில் கதிரைகள் மாறின, முகங்கள் மாறின, பதில் மாறவில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. மகள் றிஸ்மினாவுக்கு இருபத்துமூன்று வயது. அவர்களிடையே பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். வளவின் வடக்குப் பாதியில் அவர்களுடைய வீடு, அதன் தெற்கோரம் சமைக்கிற குசினி. தெற்குப் பாதி கிணற்றையும் ஒரு முருங்கையையும் தவிர வெறும் மணல். அந்த மணலில் றிஸ்மினாவின் வீடு எழும்ப வேண்டும். சீமெந்துக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி முருங்கையின் கீழே அடுக்கியும் வைத்திருந்தாள். கல் இருந்தது. நிலமும் இருந்தது. நிலம் தன்னுடையது என்று சொல்ல ஒரு கடதாசி மட்டும் இல்லை.

*

சிவகரன் வந்தது இந்தக் காலத்தில்தான். உடப்பு ஊர்ப் பொடியன், முப்பது வயதிருக்கும். வெளிநாட்டு உதவியில் நடந்த ஏதோ ஒரு சுகாதாரத் திட்டத்தின் உத்தியோகத்தன். தராசும் இரத்தம் சோதிக்கிற பெட்டியுமாக மோட்டார் சைக்கிளில் வந்து, மதரஸா மண்டபத்தில் பெண்களை வரிசையாக இருத்தி விரல் நுனியில் குத்தினான். நாற்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்குச் சீனி. மற்றப் பாதிக்குப் பிறசர். இருந்த இடத்திலேயே இருந்து கிடுகு பின்னுகிற, கருவாட்டுக்கு மீன் கீறுகிற பெண்கள். உடம்பு அசைகிற வேலையெல்லாம் மன்னாரிலேயே நின்றுவிட்டது.

"கிழமையில அஞ்சு நாள். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடந்தாப் போதும்," என்றான் சிவகரன்.

"எங்க நடக்கிற சேர்?" என்று கேட்டாள் றஹ்மத் உம்மா. ஒழுங்கையின் முதல் வீட்டுக்காரி, அறுபதைத் தொட்டவள், தராசில் ஏறியபோது முள் கடைசிக்குப் போனது அவளுக்குத்தான். "அடுப்படிக்கும் கிணத்தடிக்குமா?"

"றோட்டில நடக்கலாம்தானே உம்மா."

"றோட்டிலயா? மரக்கறி லொறி அடிச்சா மவுத்து. அடிக்காட்டி, தேத்தண்ணிக் கடையில குந்தியிருக்கிற ஆம்புளையள்ற கண்ணு அடிச்சு மவுத்து."

மண்டபம் சிரித்து முடிய வெகு நேரமானது. சிவகரனும் சிரித்தான். பள்ளிவாசல் நிர்வாகமும் பெண்கள் கூட்டமாக றோட்டில் இறங்குவதை விரும்பவில்லை என்று ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தது. திட்டம் அந்த மண்டபத்திலேயே முடிந்திருக்கும். ஜுனைதாதான் வாயைத் திறந்தாள்.

"என்ட வளவால போனா தென்னந்தோட்டம். அதால போனா களப்புக் கரை. ஒரு கண்ணும் இல்ல, காகம்தான்."

அப்போது அவள் மனதில் வேறு கணக்கு இருக்கவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிறகு ஒழுங்கையில் சிலர் வேறு மாதிரிப் பேசினார்கள்.

சுபஹுத் தொழுது, வீட்டாருக்கு இடியப்பம் அவித்து வைத்துவிட்டு, பதினெட்டுப் பெண்கள் புறப்படுவார்கள். திட்டத்தில் ஆளுக்கொரு சோடி வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தும் ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். தொப்பியை என்ன செய்வது என்று யாருக்கும் விளங்கவில்லை. முக்காட்டுக்கு மேலே போடுவதா, கீழே போடுவதா என்று இரண்டு நாள் வாதாடிவிட்டுப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். சப்பாத்துத்தான் பெரிய காரியம். றஹ்மத் உம்மா தன் ஆயுளில் முதல்முதலாகச் சப்பாத்துப் போட்டவள். "காலு ரெண்டும் கபுறுக்குள்ள இரிக்கிற மாதிரி," என்றாள், ஆனால் கழற்றவில்லை.

ஜுனைதாவின் கிடுகு வேலியில் இருந்த கடப்பருகே வந்ததும் றஹ்மத் உம்மா நின்று குரல் கொடுப்பாள்.

"ஜுனைதா, உன்ட வளவால போறம் புள்ள."

"போங்க மாமி, நானும் வாறன்."

அடுத்தவர் வளவைக் கடப்பதென்றால் கேட்டுத்தான் கடப்பது. மன்னாரில் அப்படித்தான் வளர்ந்தார்கள். மூன்றாவது கிழமை, கடப்பில் பதினெட்டுப் பேரும் வரிசையில் நின்று ஒவ்வொருத்தியாகக் குனிந்து நுழைவதைப் பார்த்த ஜுனைதா, கத்தியை எடுத்து வந்து வேலியையே இரண்டு பாக அகலத்துக்கு வெட்டித் திறந்துவிட்டாள்.

"இனிக் கேட்டுக் கேட்டு நிக்க வேணாம் மாமி. இது என்ன, அரசாங்கக் கச்சேரியா?"

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அந்த ஏழெட்டு மாதங்கள் நன்றாக இருந்தன. அதையும் சொல்ல வேண்டும். தென்னைகளுக்கிடையே வெயில் சாய்ந்து விழும். கரையில் கைவிடப்பட்ட மீன்வாடி ஒன்று இருந்தது. அதுவரை போய்த் திரும்புவார்கள். போகும்போது கதை, வரும்போது மூச்சுவாங்கல். சில நாட்களில் ஒருத்தியும் ஒன்றும் பேச மாட்டாள். களப்பு அசையாமல் கிடக்கும். மணலில் சப்பாத்துகள் அமுங்கும் ஓசை மட்டும். புருஷனோ பிள்ளையோ அடுப்போ இல்லாத அரை மணித்தியாலம் தன் வாழ்க்கையில் இதற்கு முன்பு இருந்ததா என்று ஜுனைதா யோசித்துப் பார்த்தாள். இருக்கவில்லை. அவளுடைய சீனி நூற்றுநாற்பதுக்கு இறங்கியது. நடந்தவர்கள் தினமும் ஒப்பம் வைக்கும் கொப்பி அவளிடம்தான் இருந்தது. தன் பெயரை முதலில் எழுதிவிட்டு மற்றவர்களிடம் நீட்டுவாள்.

*

கார்த்திகை மழைக்கு ஜுனைதாவின் வளவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. சப்பாத்துகள் நனைந்தன. ஒரு கிழமை நடையே இல்லை. அடுத்த கிழமை சிவகரன் வந்தான். கூடவே பிரதேச சபை உறுப்பினர் பாயிஸும் வந்தார். கிறவல் கொட்டிப் பாதையை உயர்த்தித் தரலாம், திட்டத்தில் அதற்கு இடமுண்டு என்றார்கள்.

"ஒரே ஒரு படிவம்தான்," என்றான் சிவகரன். "காணிச் சொந்தக்காரர் சம்மதம் எண்டு ஒப்பம் வைக்கோணும். மாச முடிவுக்குள்ள நான் அனுப்பாட்டி கிறவல் வேற ஊருக்குப் போயிரும் அக்கா."

படிவம் சிங்களத்தில் இருந்தது. மேலே ஒரு வரி மட்டும் மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தது. ஜுனைதா தமிழ் வரியை எழுத்துக் கூட்டி வாசித்தாள். காணி உரிமையாளரின் பெயர். பக்கத்தில் வெற்றிடம்.

"இதில என்ட பேரையா எழுதுவீங்க?"

"வேற ஆர்ட பேர எழுதுற ராத்தா?" என்றார் பாயிஸ்.

"சீல் குத்துவீங்களா?"

"சபையிட சீலும் குத்துவம், கிராம சேவகர்ட ஒப்பமும் வரும்."

அவள் வீட்டுக்குள் போனாள். ஹயாத்து முகம்மது மீன் பெட்டி கட்டிய சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையில் மீன் விற்றுவிட்டு வந்து சைக்கிளைத் துடைப்பதும், மனைவி சொல்வதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருப்பதும் அவருடைய வழக்கம். ஜுனைதா அவருக்குப் பக்கத்தில் குந்திச் சொன்னாள்.

"இருபது வருசமா ஏறி இறங்கினம். இப்ப அவங்களே வந்து, சொந்தக்காரி எண்டு எழுதித் தாறாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான். நடக்கிறதுக்கு."

அவர் துணியைப் பிழிந்தார். மறுபடியும் துடைத்தார். கடைசியில், "அரசாங்கம் சும்மா ஒருத்தர் கையில சொந்தம் எண்டு எழுதிக் குடுத்தத நான் காணல்ல," என்றார். அவர் இன்னும் நாலு வார்த்தை பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜுனைதா பின்னாளில் நினைத்ததுண்டு. ஒன்றும் ஆகியிருக்காது. அவள் ஏற்கெனவே அந்த வெற்றிடத்தில் தன் பெயரைப் பார்த்துவிட்டாள்.

வெளியே சிவகரன் அளவு நாடாவை இழுத்துக்கொண்டிருந்தான்.

"நாலடி போதும் அக்கா. ரெண்டு பேர் சேந்து நடக்கலாம்."

"நாலடியா?"

"ஓம்."

"அப்ப மிச்சக் காணி ஆர்ட?"

இதைத்தான் அவள் சிரித்தபடி சொன்னாள் என்று நான் வைத்திருக்கிறேன். சிவகரனுக்கு விளங்கவில்லை. பாயிஸுக்கு விளங்கியது. அவர் தாடியைத் தடவினார்.

"தம்பி, சொந்தக்காரி எண்டு எழுதிட்டு நாலடிய எழுதினா, நான் நாலடிக்குத்தானே சொந்தக்காரி? நாளைக்கு ஒருத்தன் வந்து மத்தத உன்டயா எண்டு கேட்டா நான் எதக் காட்டுற? முழுசா எழுதுங்க. எங்கட குசினிச் சுவர் இரிக்கே, அதிலேருந்து தெக்கு வேலி மட்டும். இந்தப் பக்கம் ஒழுங்கை வேலியிலேருந்து அந்தப் பக்கம் தோட்டத்து வேலி மட்டும். வேலியிலிருந்து வேலிக்கு. எல்லைய எல்லாம் போடுங்க."

"அக்கா, இது பாதைக்குத்தான்..."

"விளங்குது தம்பி. நீங்க எழுதுங்க."

சிவகரன் பாயிஸைப் பார்த்தான்.

"அவட காணி, அவ சொல்றா. எழுதுங்க சேர்," என்றார் பாயிஸ்.

நாடாவின் மறுமுனையை ஜுனைதாவே பிடித்துக்கொண்டு போய்த் தெற்கு வேலியில் வைத்து அழுத்தினாள். நாடா தொய்ந்தபோது இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். ஒரு அங்குலமும் குறையக் கூடாது. இருபத்துநான்கு அடி. கிணறும் முருங்கையும் சீமெந்துக் கல்லும் அதற்குள்.

ஒப்பம் வைத்தாள். பத்து நாளில் சீல் குத்திய பிரதி வந்தது. புத்தளத்துக்கு பஸ்ஸில் போய் அதைக் கண்ணாடித் தாளுக்குள் ஒட்டுவித்துக்கொண்டு வந்து அலுமாரியில் வைத்தாள். கிறவல் நடுவில் நாலடிக்குத்தான் கொட்டினார்கள். அதனால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

*

மாசி மாதத்தில் றிஸ்மினாவைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஸப்ரானுக்குப் புத்தளத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. தகப்பன் இல்லாததால் பெரிய வாப்பா பதியுதீன்தான் பேச வந்தார். சிலாபத்தில் முப்பது வருஷம் வியாபாரம் செய்து சிங்களம் வாசிக்கப் பழகியவர், நிதானமான மனுஷன். அசர் தொழுதுவிட்டு வந்து, வட்டிலப்பம் சாப்பிட்டு, தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்த பிறகுதான் வீட்டுக் கதைக்கு வந்தார்.

"வளவில கட்டித்தாறதா சொன்னீங்க. நல்லம். காணிக்கு என்ன இரிக்கி தங்கச்சி? தப்பா நினைக்க வேணாம். கேக்க வேண்டியது கேக்கிறதுதானே."

"கேளுங்க நானா, கேக்கத்தான் வேணும்," என்றாள் ஜுனைதா. இந்தக் கேள்விக்காக அவள் காத்திருந்தாள். இதற்கு முன்பு வந்த இரண்டு சம்பந்தம் இந்தக் கேள்வியில்தான் எழும்பிப் போயிருந்தன. அலுமாரியைத் திறந்து, பளபளக்கும் கடதாசியை இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தாள்.

பதியுதீன் கண்ணாடியை மாட்டினார். மேல் வரியை வாசித்துத் தலையை ஆட்டினார். பிறகு கீழே வாசித்தார். தலை ஆடுவது நின்றது. மறுபடி மேலே போய்க் கீழே வந்தார். கோப்பையில் தேநீர் ஆடை கட்டியது. உள்ளே கதவுக்குப் பின்னால் றிஸ்மினாவின் வளையல் ஒரு தடவை ஒலித்து அடங்கியது. ஹயாத்து முகம்மது நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத உங்களுக்கு ஆரும் வாசிச்சுக் காட்டினவங்களா தங்கச்சி?"

"நடக்கிற பாதைக்குச் சம்மதம். அதுதானே?"

"உங்கட பேரு சொந்தக்காரி எண்டு இரிக்கி. அது சரி." அவர் விரலைக் கீழே வைத்தார். "இங்கால இப்படி இரிக்கி. மேல சொன்ன காணியிட சொந்தக்காரியாகிய நான், இருபத்துநாலு அடி அகலத்தில, வேலியிலிருந்து வேலிக்கு, பொதுப் பாதையா வச்சிருக்க, திரும்பிக் கேக்கிறதில்ல எண்டு சபைக்குக் குடுக்கிறன்."

அவர் கடதாசியை மடியில் வைத்தார். பிறகு, அது தன் மடியில் இருப்பது சரியல்ல என்பது போல எடுத்து மேசையில் வைத்தார்.

"நாங்க யோசிச்சுச் சொல்றம்," என்றார்.

*

சிவகரனின் கந்தோர் புத்தளத்தில் களப்பைப் பார்த்த ஒரு மாடியில் இருந்தது. சுவர் முழுக்க நடக்கிற பெண்களின் படங்கள். அதில் ஒன்றில் ஜுனைதாவும் றஹ்மத் உம்மாவும் வெள்ளைச் சப்பாத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வருஷம் மாவட்டத்தில் சிறந்த குழு அவர்களுடையதுதான் என்று அவன் முதலில் சொன்னான். பிறகு அவள் நீட்டிய கடதாசியைப் பார்த்தான்.

"பொதுப் பாதைக்குத்தான் அக்கா திட்டத்தில காசு செலவழிக்கலாம். தனியார் காணிக்குள்ள கிறவல் போடேலாது. அதுதான் அந்த வசனம்."

"அத ஏன் அண்டைக்குச் சொல்லல்ல தம்பி?"

அவன் மேசையில் இருந்த பேனையைத் திருப்பி வைத்தான்.

"நான் நாலடி எண்டுதானே சொன்னனான்."

ஜுனைதா அவனைப் பார்த்தாள். இவன் பொய் சொல்கிறான் என்று நினைக்க அவளுக்கு ஆசையாக இருந்தது. வழியில்லை.

"ஓம் தம்பி," என்றாள். "நீங்க நாலடி எண்டுதான் சொன்னீங்க."

தோட்டம் கைமாறிய செய்தி அந்தக் கிழமைதான் ஒழுங்கைக்கு வந்தது. கொழும்பு ஆட்கள் களப்புக் கரையில் ஹோட்டல் கட்டப்போகிறார்கள். கற்பிட்டிக்குப் பட்டம் பிடித்துத் தண்ணீரில் சறுக்க வருகிற வெள்ளைக்காரருக்கு. தோட்டத்துக்கு வடக்கே உப்பளம், தெற்கே விற்க மறுத்த ஒருவருடைய நிலம். ஹோட்டலுக்கு அனுமதி கிடைக்க இருபதடி றோட்டு வேண்டும். வாங்குகிறவர்கள் சபையில் விசாரித்தபோது, ஏற்கெனவே இருபத்துநாலடியில் ஒரு பொதுப் பாதை இருப்பது தெரிந்ததாம். பாயிஸுக்கு இது முன்பே தெரியுமா என்பதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

காணியைத் திருப்பிக் கேட்டு ஜுனைதா மனுக் கொடுத்தாள். சபையில் விசாரணை வைத்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு வழி சொன்னது பதியுதீன். சம்பந்தம் முறிந்த பிறகும் அந்த மனுஷன் ஒருமுறை வந்து கடப்படியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்: "உங்களுக்கு உறுதி இல்லத்தானே? காணி என்டயில்ல, நான் ஒப்பம் வச்சது செல்லாது எண்டு சொல்லுங்க."

விசாரணைக்கு வந்த அதிகாரி சிங்களவர். பாயிஸ் மொழிபெயர்த்தார். முதலில் றஹ்மத் உம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க எல்லாரும் அந்த வளவால தினமும் நடந்தீங்களா உம்மா?"

"நடந்தம்."

"ஒவ்வொரு நாளும் அவட்டக் கேட்டுத்தான் போனீங்களா?"

றஹ்மத் உம்மா ஜுனைதாவைப் பார்த்தாள். அவளுடைய மகன்மார் இருவருக்கும் ஹோட்டலில் வேலை பேசியிருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். அதனால்தான் அப்படிச் சொன்னாள் என்றால் எளிதாக இருக்கும். ஆனால் அவள் சொன்னது உண்மை.

"முதல்ல கேட்டம். பொறகு அவதான் வேலிய வெட்டிட்டு, கேக்க வேணாம் எண்டா."

நடைக் கொப்பியையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். இருநூற்றுப் பதினொரு நாள். ஒவ்வொரு நாளும் முதல் ஒப்பம் யாருடையது என்று அதிகாரி கேட்கவில்லை. தாளைப் புரட்டினார், அவ்வளவுதான்.

பிறகு ஜுனைதா எழும்பினாள். நேற்றிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்த வசனம். ஹயாத்து முகம்மது பின்னால் கதிரையில் இருந்து இருமினார். அவள் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் காணி என்டயில்ல," என்றாள். "என்னட்ட உறுதி இல்ல. சொந்தக்காரி இல்லாதவ குடுத்தது செல்லாது."

பாயிஸ் அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி கேட்டுவிட்டு, கோபமில்லாமல், களைத்தவர் போல ஏதோ சொன்னார். பாயிஸ் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"ராத்தா, இவர் சொல்றாரு, சொந்தக்காரி எண்டா நீங்க குடுத்திட்டீங்களாம். சொந்தக்காரி இல்லையெண்டா, இங்க உங்களுக்குக் கேக்க ஒண்டுமில்லையாம்."

அறையில் மின்விசிறி சுற்றியது. யாரோ ஒருவர் அடுத்த மனுவை எடுத்தார். அவள் வீட்டுக்குப் போகலாம் என்பதை யாரும் சொல்லவில்லை. அவளாகவே விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பஸ்ஸில் வரும்போது ஹயாத்து முகம்மது அவள் பக்கத்தில் இருந்தார். பாலாவிச் சந்தியில் கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கி அவள் மடியில் வைத்தார். இறங்கும்வரை இருவரும் அதைப் பிரிக்கவில்லை. நான் சொன்னேனே, கேட்டாயா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நல்லதாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றும். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை.

சித்திரை பிறந்து பத்தாம் நாள் இயந்திரம் வந்தது. வந்த பொடியன்மார் மரியாதையானவர்கள். சீமெந்துக் கல்லைத் தூக்கி ஒன்றும் உடையாமல் வீட்டின் பின்பக்கம் அடுக்கிக் கொடுத்தார்கள். முருங்கை ஒரு தள்ளில் விழுந்தது. கிணற்றை மூட நாலு லொறி மண் பிடித்தது. கிணற்றுக்குப் பதிலாகச் சபை ஒரு தண்ணீர்க் குழாய் தந்தது. மாலையில் பார்த்தால் குசினிச் சுவரில் கை வைத்தபடி நிற்பவர் றோட்டில் நிற்பவர்.

அன்று காலை பெண்கள் சப்பாத்தோடு வந்து ஒழுங்கையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு நாலைந்து பேர் போகத் தொடங்கினார்கள், குசினிப் பக்கம் திரும்பாமல். றோட்டு நன்றாகத்தான் இருந்தது. ஒரே சீராக, அகலமாக. ஆனிக்குள் ஹோட்டல்காரர் தோட்டத்து எல்லையில் இரும்புக் கேட் போட்டு, ஒரு காவல்காரனையும் நிறுத்தினார்கள். பொதுப் பாதை அந்தக் கேட் வரைதானாம். அதற்கப்பால் தனியார் காணி. அதோடு நடை நின்றது.

இனி அவரவர் என்ன ஆனார்கள் என்பது. சிவகரனுக்குப் பதவி உயர்ந்து அனுராதபுரத்துக்கு மாற்றம் வந்தது. அங்கேயும் நடைக் குழுக்கள் நடத்துகிறான் என்று கேள்வி. பாயிஸ் அடுத்த தேர்தலிலும் வென்றார். ஸப்ரான் நுரைச்சோலையில் கலியாணம் முடித்தான். றஹ்மத் உம்மாவின் மூத்த மகன் ஹோட்டல் கேட்டில் நிற்கிறான். இளையவன் கட்டாருக்குப் போய்விட்டான். அவள் இரண்டு வருஷம் கழித்துப் பக்கவாதம் வந்து மவுத்தானாள், ஜுனைதா போய் முகம் பார்த்துவிட்டு வந்தாள். ஹயாத்து முகம்மது மன்னாருக்குத் திரும்பி, காடு பிடித்த பழைய வளவைத் துப்புரவாக்கி, ஒரு தகரக் கொட்டிலில் தனியே இருக்கிறார். றிஸ்மினாவை முப்பது வயதில் ஒரு தாரமிழந்தவர் வீடு கேட்காமல் கட்டிக்கொண்டு போனார். அனுராதபுர மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள், ஒரு ஆண் பிள்ளை. சீமெந்துக் கல்லை ஜுனைதா விற்றுவிட்டாள். அவளுடைய சீனி முந்நூறுக்கு ஏறி, போன வருஷம் இடது காலில் இரண்டு விரல் எடுத்தார்கள். அவள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.